அஜெண்டாவில் கடைசி

நாகர்கோவில்,
18.1.2024

பிரஜின் அப்பாவுக்கு,

செண்பகம் எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொன்னவள் நான். இன்றைக்கு அதை எழுதப் பேனா மறுக்கிறது. முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும்போது நலம் என்று எப்படித் தொடங்குவது?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். உங்களோடு போனில் பேச என்னால் ஆகாது. நேற்றுக்கூட, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் வந்தார். யாரோ காரைக் குறுக்கே விட்டிருக்கிறார்கள் என்று இன்னொருவர் வந்தார். ‘ஒரு நிமிஷம் செண்பகம்’ என்று போனவர், போனவர்தான். கடிதத்துக்கு நடுவில் வந்து யாரும் காலிங் பெல் அடிக்க முடியாது. அதனால் இனிமேல் இப்படித்தான்.

இங்கே செல்வி என்னைத் தரையில் கால் வைக்க விடுவதில்லை. அவள் புருஷன் போனபிறகு தனியாகவே இருந்து பழகியவள், இப்போது அக்காவை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்துகிறாள். வாசலிலிருந்து அடுக்களை வரை ஒரே மட்டம், ஒரு படிகூடக் கிடையாது. எனக்கு அதுவே பெரிய சுகமாக இருக்கிறது.

ரெண்டு வாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் நம் பிளாட்டில் தீபாவளியோடு நின்றுபோன லிஃப்ட் இன்னும் நின்றபடியே இருக்கிறது என்று பிரஜின் மஸ்கட்டிலிருந்து சொல்கிறான். கிளம்பி வந்த அன்று ஒவ்வொரு மாடி வளைவிலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேனே, உங்களுக்கு நினைவிருக்கும். இறங்குவதாவது பரவாயில்லை. அந்த மூன்று மாடியையும் திரும்ப ஏற என்னால் முடியாது.

வருகிற ஞாயிறு கமிட்டி கூடுகிறது அல்லவா? பதினோரு வருஷமாகச் செயலாளராக இருக்கிறீர்கள். லிஃப்டைச் சரிசெய்யுங்கள், அன்றைக்கே வருகிறேன். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

பிரிட்ஜில் தோசை மாவு வைத்திருந்தேன். புளித்திருக்கும், கொட்டிவிடுங்கள்.

உங்கள்,
செண்பகம்

*

தீபம் பிளாட்ஸ்,
ஆரியசாலை, திருவனந்தபுரம்,
28.1.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாவைக் கொட்டவில்லை. ஊத்தப்பமாகச் சுட்டுத் தின்றேன், வாயெல்லாம் கூசிவிட்டது.

மேற்படி கமிட்டி ஞாயிறு மாலை கூடியது. அஜெண்டாவில் எட்டு விஷயம். பிளாஸ்டிக்கைக் கழுவாமல் கொடுத்தால் சேகரிக்க வரும் பெண்கள் எடுக்க மாட்டார்கள் என்பதில் தொடங்கி, பார்க்கிங், மோட்டார் நேரம், கேமரா, பொங்காலை ஏற்பாடு என்று போயிற்று. பார்க்கிங்கிலேயே முக்கால்வாசி நேரம் தீர்ந்தது. லிஃப்ட் கடைசி. அதற்கு வரும்போது சுக்குக்காப்பியும் பழம்பொரியும் வந்துவிட்டன. உனக்குத் தெரியுமே, நம் பிளாட்டில் பழம்பொரி வந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

ஆனாலும் பேசினேன். கீழ்வீட்டுத் தாசம்மாள் எழுந்து, “சாரே, எனக்க வீடு தாழெயாக்கும். அந்த லிஃப்டுக்குள்ள நான் கால் வச்சிட்டே இல்ல. பின்ன நான் எதுக்குப் பைசா தரணும்?” என்றாள். கீழே இருக்கிற மற்ற மூன்று வீடுகளும் தலையாட்டின. பொருளாளர் சேஷன், “பைலா பிரகாரம் எல்லா ஓனரும் கொடுத்தாகணும். ஆனா ஜெனரல் பாடில பாஸாகணும், கேட்டேளா. கமிட்டி மட்டும் தீர்மானிச்சா செல்லாது” என்றார். இருவர் சொன்னதும் அவரவர் நியாயத்தில் சரிதான்.

‘முதியோர் மற்றும் நோயாளிகளின் நலன் கருதி லிஃப்டை விரைவில் சீரமைப்பது’ என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் நான் அழுத்தக் கூடாது, செண்பகம். செயலாளர் தன் பெண்டாட்டிக்காக ஊர்ப்பணத்தில் லிஃப்ட் போடுகிறார் என்று ஒரு பேச்சு வந்தால், பதினோரு வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு நாளில் போய்விடும். செக்ரட்டேரியட்டில் இருந்தபோதும் நம் பைல் என்றால் அடியில்தான் வைப்பேன். உனக்குத் தெரியாததா.

காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? செல்வியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பூதலிங்கம்

*

நாகர்கோவில்,
6.2.2024

பிரஜின் அப்பாவுக்கு,

உங்கள் கடித உறையின் பின்னால் அசோசியேஷன் சீல் குத்தியிருக்கிறது. பழக்கதோஷத்தில் குத்தியிருப்பீர்கள். செல்வி அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, அத்தான் ஒனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்காரு” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே படித்தபோது அவள் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது.

‘முதியோர் மற்றும் நோயாளிகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் நான் முதியோரா, நோயாளியா? எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் கட்டடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நான்தான் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அஜெண்டாவை எழுதுவது யார்? நீங்கள். எட்டாவது விஷயத்தை முதல் விஷயமாக எழுத எவ்வளவு மை செலவாகும்? பழம்பொரி வருவதற்கு முன்னால் பேசி முடித்துவிடலாம். நான் வகுப்பில் கஷ்டமான பாடத்தை முதல் பீரியடில்தான் வைப்பேன். கடைசி பீரியடில் வைத்தால் பிள்ளைகள் மணியைத்தான் கேட்பார்கள்.

பெயர் கெட்டுவிடும் என்கிறீர்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக இருக்கிறது நம் வீட்டுக் கதை. எழுதும்போதே கோபம் வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

தைலம் தேய்க்கிறேன்.

உங்கள்,
செண்பகம்

*

திருவனந்தபுரம்,
2.3.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆற்றுக்கால் பொங்காலை முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். நம் கேட்டிலிருந்து சாலை முனை வரைக்கும் பொங்கல் அடுப்பு. கொல்லத்திலிருந்தும் பத்தனம்திட்டையிலிருந்தும் வந்த பெண்கள் முதல் நாளே செங்கல் வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர், மோர், பாத்ரூம் எல்லாம் அசோசியேஷன் பொறுப்பு. புகையில் எனக்குக் கண் இன்னும் எரிகிறது. நீ வழக்கமாக அடுப்பு மூட்டும் இடத்தில் வேறு யாரோ மூட்டினார்கள். பார்க்க என்னவோ போல இருந்தது.

டீச்சர் எங்கே என்று பலபேர் கேட்டார்கள். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லிஃப்ட் விஷயமாகச் சிறப்புப் பொதுக்குழு வைத்தேன். கோரம் சேரவில்லை. அன்றைக்கு மூன்று கல்யாணம். ஆனால் ஒன்று செய்தேன். உன் பேச்சைக் கேட்டு லிஃப்டை எட்டிலிருந்து ஐந்துக்கு ஏற்றியிருக்கிறேன். முதலாவதாக வைத்தால் கண்ணில் குத்தும்.

எல்லாருக்கும் செய்துகொண்டே போனால் நமக்கு வேண்டியது தன்னால் நடக்கும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த மாதம் விஷுவுக்கு வருகிறேன். உறுதியாக.

அன்புடன்,
பூதலிங்கம்

*

நாகர்கோவில்,
20.4.2024

பிரஜின் அப்பாவுக்கு,

விஷுவுக்கு வந்தீர்கள், சந்தோஷம். காலை ரயிலில் வந்து மத்தியான ரயிலில் போய்விட்டீர்கள். செல்வி பாயசத்துக்குச் சக்கைப் பிரதமன் வைத்திருந்தாள். அதை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தபோது உங்கள் போன் அடித்தது. வாசலில் நின்று டாங்கர் லாரிக்காரனோடு பேசினீர்கள். திரும்பி வந்தபோது பிரதமன் ஆடை கட்டிக் கிடந்தது, குடிக்காமலே கிளம்பிவிட்டீர்கள். நான் அறைக்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று எனக்கு இப்போதுவரை தெரியவில்லை.

உங்கள் பழமொழிக்கு ஒரு திருத்தம். அந்த ஊரார் பிள்ளை என்பது வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற பெண்டாட்டிதான், அவளை ஊட்டினால் உள்ளே இருக்கிற தன் பிள்ளை வளரும் என்று சொல்வார்கள். ஊரெல்லாம் சுற்றச் சொன்னதல்ல அது. இலக்கண வகுப்பில் சொல்லி அலுத்தது, உங்களுக்கும் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு டாக்டரைப் பார்த்தேன். மே பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். என்ன ஏது என்று இதில் எழுதப்போவதில்லை. நேரில் வந்தால் சொல்கிறேன். ரெண்டு மணி நேர ரயில்தானே. அந்த ஒரு நாளைக்கு மட்டும் போனைச் சேஷனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உங்கள்,
செண்பகம்

*

திருவனந்தபுரம்,
7.5.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

பயப்படாதே. இந்தக் காலத்தில் டாக்டர்கள் எல்லாரையும் கூட்டிவரச் சொல்கிறார்கள், பயமுறுத்தத்தான்.

பதினாறாம் தேதி ஒரு சிக்கல். மேல் டேங்கும் கீழ் சம்பும் அன்றைக்குத்தான் கழுவுகிறார்கள். மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும், ஆட்கள் வேறு நாள் இல்லை என்கிறார்கள். தண்ணீரை வடிக்கும்போது யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். போன தடவை சேஷனிடம் விட்டேன். அவர் ரூல் பேசிக்கொண்டு நின்றதில் சம்பு நிறையச் சேறு, ரெண்டு நாள் எல்லா வீட்டுக் குழாயிலும் கலங்கல். எல்லாரும் என் வீட்டு வாசலில்தான் வாளியோடு வந்து நின்றார்கள்.

வேறு ஒரு நாள் வாங்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார். முடியாவிட்டால் செல்வி வரட்டும். மருந்து என்ன கொடுக்கிறார் என்று எழுது. அடுத்த வாரமே வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
பூதலிங்கம்

*

நாகர்கோவில்,
29.5.2024

பிரஜின் அப்பாவுக்கு,

டேங்க் சுத்தமாகக் கழுவினார்களா? தண்ணீர் தெளிவாக வருகிறதா?

டாக்டரிடம் செல்வி வந்தாள். மருந்து கொடுத்திருக்கிறார். இப்போதைக்கு நீங்கள் வர வேண்டாம். நான் நிறையத் தூங்குகிறேன்.

செண்பகம்

*

திருவனந்தபுரம்,
14.7.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால், அக்கா படுத்திருக்கா அத்தான் என்று செல்வி வைத்துவிடுகிறாள். நீ வர வேண்டாம் என்று எழுதியதால் வரவில்லை. அதை வைத்து நீ என்மேல் குற்றம் சொல்லக்கூடாது.

ஜூன் முழுக்க இங்கே மழை. பேஸ்மென்டில் தண்ணீர் ஏறி மோட்டார் புகைந்தது. மேல்மாடியில் ஒழுக்கு. மேல்மாடிக்காரர் மொட்டை மாடி பொதுச்சொத்து, அசோசியேஷன் செய்யட்டும் என்கிறார். கீழே இருப்பவர்கள், ஒழுகுவது அவர் தலையில், அவர் செய்யட்டும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டுகிறது. ஒருவர் வாட்ஸப் குரூப்பில் ‘செயலாளர் தூங்குகிறாரா?’ என்று போட்டிருந்தார். அப்போது நான் பேஸ்மென்டில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு அலுத்துவிட்டது, செண்பகம். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். தனியாகச் சோறு வடித்து, மிளகாய்த்தூளும் எண்ணெயும் பிசைந்து தின்றுவிட்டுப் படுக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் நீயாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. திறந்தால் யாராவது சாவி கேட்டு நிற்கிறார்கள்.

ஆகஸ்டில் ஆண்டுப் பொதுக்குழு. லிஃப்ட் விஷயம் நிச்சயம் வரும். கொஞ்சம் பொறு.

அன்புடன்,
பூதலிங்கம்

*

நாகர்கோவில்,
29.7.2024

பிரஜின் அப்பாவுக்கு,

மிளகாய்த்தூள் சோறு என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. செல்வியிடம் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பொடியில் பூண்டு போட்டிருக்கிறது, நெஞ்சு கரிக்காது.

மழைத் தண்ணீரில் நிற்காதீர்கள். உங்களுக்கு இளைப்பு வரும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நன்றாக யோசித்து, உள்ளதை எழுதுங்கள். இந்த ஏழு மாதத்தில் எத்தனையோ கூட்டம் போட்டிருப்பீர்கள். அதில் ஒரு தடவையாவது, என் மனைவி செண்பகத்தால் படியேற முடியவில்லை, அவள் வீட்டுக்கு வர வேண்டும், அதற்காக லிஃப்ட் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னீர்களா?

முதியோர் நலன் என்று எழுதியது கணக்கில் வராது. என் பெயரைச் சொன்னீர்களா?

உங்கள்,
செண்பகம்

*

திருவனந்தபுரம்,
26.8.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன். அதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நேற்றுச் சொன்னேன்.

நேற்று ஆண்டுப் பொதுக்குழு. ஓணம் வருகிறது என்பதால் கூட்டம் நிரம்பியிருந்தது, பூக்களம் போடவும் வடம்வலியில் கயிறு இழுக்கவும் ஆள் பிரிக்க வேண்டுமே. அஜெண்டாவில் முதல் விஷயமாக லிஃப்டைப் போட்டேன். சேஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வரவு செலவு வாசிப்பதுதான் முதலில், அது வழக்கம் என்றார். வழக்கம் இன்றைக்கு ஒரு நாள் மாறட்டும் என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் பேசுவது போலக் கேட்டது.

எழுந்து நின்றேன். பேப்பரில் எழுதி வைத்திருந்ததை வாசிக்கவில்லை. “நான் இன்னைக்கு செக்ரட்டரியா பேசல. மூணாம் மாடி ஓனரா பேசுகேன். எனக்க வீட்டுக்காரி செண்பகத்துக்குப் படி ஏறக் கழியல்ல. அதனாலதான் அவ நாகர்கோவில்ல இருக்கா. லிஃப்ட் ஓடினா வருவா. அவளுக்கு வேண்டித்தான் கேக்கேன்” என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கென்று யாரிடமும் ஒன்று கேட்டது கிடையாது.

யாராவது சிரிப்பார்கள், யாராவது குத்திப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். தாசம்மாள்தான் முதலில் எழுந்தாள். இப்போது வருகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“இத மொதல்லயே பறஞ்சிருக்கப்பிடாதா சாரே?” என்றாள். “டீச்சரும் நீங்களும் பிணங்கிப் போட்டீங்கன்னாக்கும் நாங்க நெனச்சது. வீட்டு வழக்குல்லா, கேட்டா மோசமில்லியான்னு ஆரும் வாயத் தொறக்கல்ல. எனக்க மோளுக்கு அட்சரம் படிச்சுக் குடுத்தது ஆரு? டீச்சருக்குன்னா நான் தரமாட்டேன்னு சொல்லுவேனா?”

கீழ்வீடுகள் நான்கும் கை தூக்கின. சேஷன்கூட, “ரூலைப் பாத்துண்டு நானும் சும்மா இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காதேயும் சாரே” என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் கழித்துத்தான் பழம்பொரி வந்தது. நான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

புது மோட்டாரும் கதவும் வர ஒன்றரை மாதம் ஆகுமாம். பிறகு நீ வந்துவிடலாம். உன் பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
பூதலிங்கம்

*

திருவனந்தபுரம்,
18.10.2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

என் முந்திய கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஓணத்துக்கு வரலாம் என்றிருந்தேன், பந்தியில் சோறு விளம்ப ஆளில்லை என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள். அது கிடக்கட்டும். இன்றைக்கு நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

லிஃப்ட் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஸ்டீல் கதவு, உள்ளே பளபளவென்று கண்ணாடி, பிடித்துக்கொள்ளக் கம்பி. உட்கார ஒரு சின்ன மடக்கு நாற்காலியும் சுவரில் வைக்கச் சொன்னேன், நீ நிற்க முடியாவிட்டால் உட்காரலாம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இன்னொரு விஷயம். டீச்சர் வந்துதான் முதலில் ஏற வேண்டும் என்று எல்லாருமாகத் தீர்மானித்துவிட்டார்கள். வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது. நீ வந்து வெட்டும்வரை யாரும் ஏறப் போவதில்லை. தாசம்மாள் ஆரத்தி எடுக்கிறேன் என்கிறாள், அவள் சபையில் அதெல்லாம் கிடையாதே என்றால், டீச்சருக்காக ஒரு தடவை என்கிறாள். நாலாம் மாடி ஷிபாவுக்கு இது எட்டாம் மாதம். அவள்கூட மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டு, “ஆன்ட்டி வரட்டே அங்கிளே” என்கிறாள். உன்மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு பிரியம் இருப்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
பூதலிங்கம்

*

நாகர்கோவில்,
24.10.2024

பிரஜின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஆகஸ்டில் எழுதியதை வாசித்தபோது அழுதேன். செல்வி பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டாள். நல்ல செய்திதான் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பதில் எழுதக் காகிதமும் எடுத்தேன். எழுத உட்கார்ந்தபோது வேறு நினைப்பு வந்துவிட்டது, அதிலிருந்து இன்னும் மீளவில்லை.

இத்தனை நாளும் நான் தாசம்மாள் மேல் கோபமாக இருந்தேன். என் கையால் எழுத்துப் படித்த பிள்ளையின் அம்மா இப்படிச் செய்கிறாளே என்று இங்கே செல்வியிடம் ஓயாமல் புலம்பியிருக்கிறேன். சேஷனைத் திட்டாத நாளில்லை. கடைசியில் பார்த்தால் அவர்கள் யாரும் என்னைத் தடுக்கவில்லை. நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னீர்கள், காப்பி வருவதற்குள் எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். ஜனவரியில் சொல்லியிருந்தால் ஜனவரியில் தூக்கியிருப்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதுவும் நான் கேட்டு வாங்கிய பிறகு.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மே பதினாறாம் தேதி டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஆபரேஷன். இரண்டு முழங்காலையும் மாற்றினார்கள். பிரஜினுக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். ஆபரேஷன் என்று சொல்லித்தான் உங்களை வரவழைக்க வேண்டுமா என்று ஒரு வைராக்கியம். பயமாக இருக்கிறது என்று எழுதினேன், அது போதும் என்று நினைத்தேன். மயக்கம் தெளிந்ததும் முதலில் மனசில் வந்தது, டேங்க் கழுவி முடித்திருப்பார்களா என்பதுதான். எனக்கே சிரிப்பு வந்தது. நர்ஸ், இந்தம்மா வலியில் சிரிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இப்போது நன்றாக நடக்கிறேன். ஜூலையிலேயே மொட்டை மாடிக்கு ஏறி வற்றல் காயப்போட்டேன். என்னால் மூன்று மாடி ஏற முடியும், லிஃப்ட் இல்லாமலே முடியும். அப்போதுதான் உங்களுக்கு அந்தக் கேள்வியை எழுதினேன். ஆமாம், உன் பெயரைச் சொன்னேன், அவர்கள்தான் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் மறுநாள் ரயிலில் வந்திருப்பேன். பெட்டிகூட எடுத்து வைத்திருந்தேன்.

நான் வரவில்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள், கோபப்படத் தெம்பில்லை. நீங்கள் நல்ல மனிதர், இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் ஓடுவீர்கள். உங்களுடையவள் என்பதனால் நான் எப்போதும் கடைசியில் நின்றேன். அதுவும் ஒரு மரியாதை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இனிமேல் அப்படி நிற்க முடியாது, எனக்கு அலுத்துப்போய்விட்டது.

செல்வி வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தெருப் பிள்ளைகள் மாலையில் தமிழ் படிக்க வருகிறார்கள். நீங்கள் வந்தால் வாசலில் நிறுத்த மாட்டேன். வரச் சொல்லியும் இதில் எழுதவில்லை.

அந்த ரிப்பனை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். எட்டு மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சியை எனக்காகவா நாலு மாடி படியேற வைக்கிறீர்கள்? இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கீழே போய் ஷிபாவை முதலில் ஏற்றி அனுப்புங்கள். டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செண்பகவல்லி